காயம் ஏதும் இருக்கோ?

குசினி வாசலிலிருந்து எங்கள் கிணற்றடிக்குப் பதினான்கு எட்டு. அன்று காலை அந்தப் பதினான்கு எட்டுக்குள் நான் மூன்று இடத்தில் இருந்து ஆறினேன். முதலில் ஆட்டுக்கல்லில், பிறகு கவிழ்த்து வைத்த வாளியில், கடைசியில் ஒரு வாழையைப் பிடித்தபடி வெறும் நிலத்தில். பல் துலக்கப் போன மனிதன் பற்பொடியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிலத்தில் குந்தியிருப்பதைப் பார்க்க எங்கள் கோழிகள் ஆறும் வரிசையாக வந்து நின்றன. சேவல் இரண்டு தரம் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, இவர் தேறமாட்டார் என்பதுபோல் திரும்பிப் போனது. குசினி யன்னலால் என் மனைவி ஞானாம்பிகையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் என்னைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றது அதுதான் முதல்தரம். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

என் பெயர் குகதாசன். வயது அறுபத்தெட்டு. நீர்வேலி. மின்சார சபையில் லைன்மனாகச் சேர்ந்து போர்மனாக ஓய்வுபெற்றவன். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் ஊரே படித்த அந்த வருடங்களிலும் நான் மின்சார சபைக்காரன்தான். கரண்ட் ஓடாத கம்பிகளை எங்களைப்போல் பாசத்தோடு காவல் காத்தவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்கள். அறுபத்தேழு வயதுவரை மூக்கொழுகும் தடிமனைத் தவிர ஒரு வருத்தமும் என்னை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு போன தைப்பொங்கலோடு செருப்பு காலுக்குக் கொள்ள மறுத்தது. மாசியில் ஒரு தலையணை போதாமல் இரண்டு, பங்குனியில் நான்கு. சித்திரையில் படுத்தால் மூச்சு முட்டி, கதிரையில் இருந்தபடியே நித்திரை. கால் இரண்டும் வீங்கிய வீக்கத்தில், வீதியால் ஒரு யானை போயிருந்தால் சொந்தக்காரன் என்று உள்ளே வந்து தண்ணீர் கேட்டிருக்கும்.

என்னோடு ஒரே கம்பத்தில் ஏறி இறங்கிய சந்தியோகு குருநகரிலிருந்து வாராவாரம் மீனோடு வருவான். வந்து என் காலைப் பார்ப்பான்.

“டேய் குகன், உந்தக் காலோடை நீ கடலுக்கை விழுந்தாலும் தாழமாட்டாய். எங்கடை ஆக்களுக்கு மிதப்புக்கட்டை மிச்சம்.”

“நீ மீனைக் குடுத்திட்டுப் போ.”

“போறன். உன்னைத் தண்டவாளம் மாதிரிப் பாத்த கண்ணாலை இப்பிடிப் பாக்க ஏலாமல் கிடக்கு.” பகிடி விட்டவன் அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனான். ஏறி ஓடவில்லை.

கிணற்றடியில் குந்தியது மாசியில். மறுநாளே பட்டணத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் பசைபோல் ஒன்றைத் தடவி ஸ்கான் பார்த்தார்கள். இருதயம் பெருத்திருக்கிறது என்றார்கள். மூத்திரம் போகக் குளிசை தந்தார்கள். அந்த ஒரு கிழமையில் என்னிடமிருந்து போன தண்ணீருக்கு நீர்வேலி வாழைத்தோட்டம் முழுக்க ஒரு போகம் குலை தள்ளியிருக்கும். கால் வற்றியது. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூன்றாம் கிழமை கால் திரும்ப யானையாகியது. வேறு இடம் போனோம், வேறு குளிசை. திரும்ப வற்றி, திரும்ப யானை. இப்படி நான்கு இடம்.

நான்கு இடத்திலும் ஒரு படிவம் நிரப்பினார்கள். பேனையோடு ஒரு பிள்ளை கேட்கும். பிரசர் இருக்கோ? இல்லை. சீனி? இல்லை. சிகரெட்? ஞானாம்பிகையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை. முந்தி ஒப்பறேசன், காயம் ஏதும்? அந்தக் கேள்விக்கு மட்டும் நானும் அவளும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், “இல்லை” என்போம். கோயிலில் தேவாரம்கூட நாங்கள் அவ்வளவு சுருதி சுத்தமாகச் சேர்ந்து பாடியதில்லை. அந்த ‘இல்லை’ பச்சைப் பொய் என்பது சொல்லும்போது எங்கள் இருவருக்குமே நினைவில் வரவில்லை. அவ்வளவு பழகிய சொல்.

வைகாசி மாதம் ஒரு விடியல், கதிரையில் இருந்தபடியே நான் தண்ணீருக்குள் மூழ்குவதுபோல் திணறினேன். சந்தியோகு ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். பெரியாஸ்பத்திரியில் மூக்கில் ஒக்சிசன், கையில் ஊசி, பக்கத்தில் என் இருதயத் துடிப்பை இலக்கமாகக் காட்டும் ஒரு பெட்டி. இரண்டு நாளில் மூச்சு வந்தது. மூன்றாம் நாள் பெரிய டொக்டர் இளம் டொக்டர்மார் புடைசூழ என் கட்டிலடிக்கு வந்தார்.

“இவரின்ரை இருதயம் களைச்சுப்போன இருதயமில்லை,” என்று அவர்களுக்குச் சொன்னார். “முறுக்காய் அடிக்குது. ஒரு உடம்புக்குத் தேவையான இரத்தத்தைப்போலை ரண்டு மடங்கை அள்ளி எறியுது. எறியிற இரத்தம் எங்கை போகுது? அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ.”

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரத்தம் குறைந்தாலும் இருதயம் இப்படி ஓடுமாம். பார்த்தார்கள், என் இரத்தம் நல்ல கட்டி. கழுத்துச் சுரப்பி கெட்டாலும் ஓடுமாம். சுரப்பி சுகம். தீட்டின வெள்ளையரிசியே தின்று விற்றமின் இல்லாமல் போனாலும் ஓடுமாம். நான் பிறந்த நாள் முதல் தவிட்டோடு புழுங்கலரிசி தின்கிறவன். ஈரலும் சரி. என் உடம்பில் கெட்டது என்று ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு வாட்டே தோற்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரிய டொக்டர் ஞானாம்பிகையை வெளியே கூப்பிட்டுக் கதைக்கும்வரை.

அவள் திரும்பி வந்து ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாள். உரித்து முடிந்தும் உரித்துக்கொண்டே இருந்தாள்.

“இஞ்சாரும், என்ன சொன்னவர்?”

“ஒண்டுமில்லை.”

“பழம் கரைஞ்சுபோச்சு. சொல்லும்.”

“காரணம் பிடிபடாட்டில், உந்த ஓட்டத்துக்கு உங்கடை இருதயம் ஆறு மாசம் தாங்காதாம்.” அவள் என்னைப் பார்க்காமல் சுளைகளைத் தட்டில் அடுக்கினாள். “தயாளினிக்கு ரிக்கெற் போடச் சொல்லிப்போட்டன்.”

தயாளினி கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள். எங்கள் ஊரில் கலியாணமும் இல்லாமல், திருவிழாவும் இல்லாமல் கனடாவிலிருந்து பிள்ளை வருகிறது என்றால் அதற்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு காரணம்தான். அன்று பகல் நான் ஒரு பகிடியும் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டு, “இவருக்கு வருத்தம் கூடிட்டுது போலை கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ” என்று முறைப்பாடு செய்தார்.

மதியம் நோயாளரைப் பார்க்க வருபவர்கள் போய், துணைக்கு ஞானாம்பிகை மட்டும் நின்றபோது டொக்டர் ஆரணி தனியாக வந்தாள். பெரிய டொக்டரோடு வருகிற கூட்டத்தில் கடைசியில் நிற்கும் பிள்ளை. பருத்தித்துறைப் பக்கம். டொக்டராகி இரண்டு வருடம்தான். என்னுடைய கட்டை உருவத்துக்கே என் தோளுக்குத்தான் வருவாள்.

“ஐயா, நான் திரும்ப முதலிலையிருந்து பாக்கப்போறன். ஆனா இந்தமுறை காலிலையிருந்து.”

சொல்லிவிட்டு என் இரண்டு பாதங்களையும் இரண்டு கையால் பிடித்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. படித்த பிள்ளை, டொக்டர், என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இழுக்கப் பார்த்தேன். விடவில்லை. இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றித் தொட்டாள். புறங்கையை வைத்தும் பார்த்தாள்.

“வலது கால் ஏன் கூடச் சுடுது?”

“அது எப்பவும் அப்பிடித்தான் பிள்ளை. மார்கழிக் குளிருக்கு இந்த மனுசி தன்ரை காலைக் கொண்டுவந்து அதிலைதான் வைச்சு ஒத்தடம் பிடிக்கிறவ.”

ஞானாம்பிகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “உந்தக் கதையெல்லாம் ஏன் இப்ப,” என்றாள்.

ஆரணி சிரிக்கவில்லை. கணுக்காலிலிருந்து மேலே முறுக்கிக்கொண்டு ஏறும் நரம்புகளைப் பார்த்தாள். வலது காலில் மட்டும் அவை கயிறு கயிறாகத் தடித்திருக்கும். கம்பம் ஏறின கால், அப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கம் கொடுத்தேன். அவள் கை முழங்காலைக் கடந்து நான் உடுத்திருந்த சாரத்துக்கு மேலாலேயே துடையில் பட்டது. பட்ட கை நின்றுவிட்டது.

“உதுக்குள்ளை ஏதோ அதிருது.”

“ஓம். இரைஞ்சுகொண்டிருக்கும்.”

“எவ்வளவு காலமாய்?”

“அது… கனகாலம்.”

“ஐயா, ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நோவு இருக்கோ எண்டு கேட்டியள். வீக்கம் இருக்கோ எண்டு கேட்டியள். சத்தம் இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை.” சத்தியமாக அதுதான் என் எண்ணம். முப்பது வருடம் ட்ரான்ஸ்போமருக்குக் கீழே நின்று வேலை செய்தவன் உடம்பில் கொஞ்ச இரைச்சல் தங்கிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். ஞானாம்பிகைக்கும் அப்படியே சொல்லி நம்பவைத்திருந்தேன்.

“சாரத்தை உயர்த்துங்கோ. துடையைப் பாக்கவேணும்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. என் கை இரண்டும் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. வெட்கத்தால் பிடித்தேன் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். நானும் வெட்கத்தைத்தான் சாட்டினேன், ஆம்பிளை டொக்டர் வரட்டும் என்றேன். ஆனால் பெட்டியில் இலக்கம் நூற்றெட்டிலிருந்து நூற்றிருபதுக்கு ஏறியது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெல் விழுந்தது. பயறளவு ஒரு இரும்புப் பீஸ் என் வலது துடைக்குள் போனது. பக்கத்தில் மருந்து கட்டுகிற ஒருவர் இரண்டு தையல் போட்டு, இரத்தம் நின்றுவிட்டது, ஓடு என்றார். ஓடினோம். அந்த மாதம் ஊரே ஓடியது. ஆறு மாதம் கழித்து வீடு திரும்பியபோது சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றி. கம்பி இழுக்கும் வேலை திரும்பத் தொடங்கியதால் நான் ஒரு நாளைக்கு எட்டுச் சென்றி கடப்பேன். சேட்டைக் கழற்றச் சொல்வார்கள், சாரத்தை முழங்கால்வரை உயர்த்தச் சொல்வார்கள். உடம்பில் தழும்பு இருந்தால் அவன் சண்டை பிடித்தவன். எங்கள் ஒழுங்கையில் இருந்த நமசிவாயத்துக்கு விலாவில் பனங்கருக்குக் கிழித்த தழும்பு. பனங்கருக்கு என்று அவன் சொன்னான். சென்றியில் அவனைச் சைக்கிளால் இறக்கிக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி இன்னும் பொட்டை அழிக்கவில்லை.

என் தழும்பு முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்ததால் தப்பினேன். ஆனாலும் ஞானாம்பிகைக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு என்னைச் சோதிப்பாள். காயம் ஏதும் இருக்கோ? இல்லை. எங்கையாவது பட்டதோ? இல்லை. உரத்துச் சொல்லுங்கோ. இல்லை. நான் கொஞ்சம் தடுமாறினால் தேத்தண்ணியை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து கேட்பாள். பதின்மூன்று வருடம், ஞாயிறு தவிர. பாடமாக்கியதில் இந்த உலகத்தில் நான் மறக்காதது அது ஒன்றுதான்.

ஆரணி வற்புறுத்தவில்லை. காத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் ஞானாம்பிகை எழும்பி வந்து, சாரத்தை இறுக்கிய என் கைமேல் தன் கையை வைத்தாள்.

“இஞ்சாருங்கோ. அது டொக்டர் பிள்ளை. சென்றியெல்லாம் எடுத்தாச்சு.” அவள் என் சின்னவிரலை மெல்லத் தூக்கினாள். “காட்டுங்கோ.”

பாடமாக்கித் தந்தவளே அழித்துவிட்டாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் எடுத்துவிட்டாள்.

ஆரணி தழும்பைப் பார்த்தாள். பத்துச் சதக் காசுக் குற்றியளவு, வெளிறிய தழும்பு. கழுத்தில் தொங்கிய குழாயைக் காதில் மாட்டி அதன்மேல் வைத்தாள். வைத்தவள் அசையவே இல்லை. பிறகு குழாயைக் கழற்றி என் காதில் மாட்டினாள். ஐயோ! சுன்னாகம் பவர்ஹவுஸ் முழுவதும் என் துடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊஊம் ஊஊம் என்று, நிற்காமல், பெருகிப் பெருகி. ஞானாம்பிகையும் வாங்கிக் கேட்டாள். “பெருமானே,” என்றாள்.

“பெட்டியைப் பாருங்கோ ஐயா,” என்று சொல்லி ஆரணி தன் பெருவிரலைத் தழும்பின் மேல் வைத்து அமத்தினாள். இரைச்சல் நின்றது. நூற்றெட்டு, தொண்ணூற்றைந்து, எண்பத்தாறு, எண்பத்திரண்டு. விரலை எடுத்தாள். திரும்ப நூற்றெட்டு. திரும்ப அமத்தினாள். எண்பத்திரண்டு. மூன்றாம் தரமும் செய்தாள், இனிச் சந்தேகத்துக்காக அல்ல, சந்தோசத்துக்காக.

“ஐயா, கண்டுபிடிச்சிட்டம்,” என்றாள். எல்லாம் அந்தப் பிள்ளையின் பெருவிரல் செய்த வேலை, ஆனால் ‘டம்’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். காசியில் விழுந்து கும்பிட்டிருந்தாலும் எனக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்காது.

அவள் விளங்கப்படுத்தினாள். அந்தப் பீஸ் உள்ளே போன வழியில், துடையில் இரத்தத்தைக் கொண்டுபோகிற பெரிய நாடியையும் பக்கத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவருகிற நாளத்தையும் சேர்த்து ஓட்டை போட்டிருக்கிறது. வெளியே காயம் ஆறியது, உள்ளே இரண்டும் ஒட்டி வழி திறந்துவிட்டது. காலுக்கென்று இருதயம் அனுப்புகிற இரத்தம் காலுக்குப் போகாமல் அந்த வழியால் நேரே திரும்பி வருகிறது. காலுக்கும் கொடுத்து இந்த ஓட்டைக்கும் கொடுக்க இருதயம் இரண்டு மடங்கு ஓடவேண்டும்.

“ஷோட் சேர்க்கிட்!” என்று நான் கத்திய கத்தில் வாசலில் நின்ற மிஸ்ஸி ஓடிவந்தாள். “பிள்ளை, உது ஷோட் சேர்க்கிட்! இருபத்தெட்டு வருசம் லைன் நேரை ஷோட்டிலை கிடந்தும் பியூஸ் போகேல்லை!” மின்சார சபையில் அப்படி ஒரு பொருள் எங்கள் காலத்தில் வந்ததேயில்லை. அந்த இருதயத்தை நினைத்து அன்று முதல்தரமாக அழுதேன். நான் கம்பத்தில் நிற்கும்போது, மகளுக்குக் கலியாணம் பேசித் திரிந்தபோது, கோயிலில் பிரதட்டை உருண்டபோது, ஒருநாள் லீவும் கேட்காமல் அது இரண்டு ஆள் வேலை பார்த்திருக்கிறது. நான் அதற்கு ஒரு நன்றியும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு என் துடைக்கு வந்த புகழைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெரிய டொக்டர் வந்து கேட்டார். கேட்டுவிட்டு ஆரணியின் தோளில் தட்டினார். மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் பத்துப் பத்தாக வந்து கேட்டார்கள். மூன்று நாளில் குறைந்தது ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். சாரத்தை விடாமல் பிடித்திருந்த அதே மனிதன், “அடுத்த ஆள், கெதியாய் வாங்கோ” என்று கூப்பிட்டுக் காட்டினேன். சந்தியோகு வந்து கேட்டுவிட்டு, “டேய், இவ்வளவு கரண்டையும் காலுக்கை ஒளிச்சு வைச்சுக்கொண்டோடா எங்களை இருட்டுக்கை விட்டனீ?” என்றான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

பத்து நாள் கழித்து ஒப்பறேசன் செய்து அந்த வழியை அடைத்தார்கள். ஒரு கிழமைக்குள் நான் ஒரே தலையணையில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். தயாளினியிடம் போனில், “இப்ப வந்து காசைக் கரியாக்காதை. திருவிழாவுக்கு வா, காவடி எடுக்கிறன்” என்றேன். ஞானாம்பிகை போனைப் பறித்து, “காவடியும் இல்லை ஒண்டும் இல்லை, நீ வா மோனை” என்றாள். ஆரணிக்குக் கொடுக்க எங்கள் தோட்டத்து இதரை வாழைக்குலை ஒன்றை முழுதாக வாட்டுக்குக் கொண்டுவரச் செய்தேன். அவள் ஒரே ஒரு பழத்தைப் பிய்த்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான் என்ன பெரிசாய்ச் செய்தனான் ஐயா? காலிலை கை வைச்சனான். அம்மாதான் காட்டச் சொன்னவ.”

வீட்டுக்குப் போவதற்கு முதல்நாள் காலை, எனக்குப் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஹரோல்ட் என்று பெயர். காங்கேசன்துறையில் துறைமுகக் கிளாக்காக இருந்தவர். வயது எழுபதுக்கு மேல். கால் இரண்டும் என்னுடைய பழைய கால்களைப்போலவே இருந்தன. அந்த ஆனி வெயிலிலும் முழுக்கைச் சேட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். மனைவி பியாட்றிஸ் பத்திரிகையை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஆரணி வந்து படிவத்தை எடுத்தாள். பிரசர்? ஓம். சீனி? கொஞ்சம். சிகரெட்? சேர்ச்சிலை சத்தியம், இல்லை.

“முந்தி காயம் ஏதும்?”

“இல்லை,” என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

எனக்கு வந்த சிரிப்பில் தையல் விட்டுவிடுமோ என்று துடையைப் பொத்திக்கொண்டேன். ஆரணி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் பேனை எழுதாமல் நின்றது.

“ஹரோல்ட் அண்ணை,” என்றேன், “நானும் நாலு இடத்திலை உதைத்தான் சொன்னனான்.” சாரத்தை உயர்த்திக் காட்டினேன். “தொண்ணூற்றைஞ்சு. வாழைக்குலைக்குப் பக்கத்திலை.”

அவர் பார்த்தார். எதிர்க் கட்டிலில் அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அச்சுவேலிக்காரர் திரும்பினார். “உதென்ன, நுளம்புக் கடி,” என்று சொல்லி முழங்கையை நீட்டினார். “இஞ்சை பாருங்கோ, இது பொம்மர் போட்ட குண்டு.” அவருக்கு அங்காலே இருந்தவர் முதுகைக் காட்டினார். ஒருவர் பிடரியில் மயிரை ஒதுக்கினார். இன்னொருவர், தனக்கு ஒன்றும் இல்லையே என்று வருத்தப்பட்டு, அப்பெண்டிக்ஸ் வெட்டினதைக் காட்ட, “உது செல்லாது” என்று எல்லாரும் சேர்ந்து தள்ளுபடி செய்தோம். பன்னிரண்டு கட்டிலில் ஒன்பது கட்டிலில் தழும்பு. ஊருக்குச் சொல்லும்போது என் கணக்கில் பதினைந்து. சாரம் உயர்த்தியும் சேட்டு விலக்கியும் கிழவர்கள் போட்ட சத்தத்துக்கு மிஸ்ஸி வந்து, “இதென்ன வாட்டோ, சந்தையோ?” என்று ஏசிவிட்டு, எவரும் ஏச்சுக் கேட்பதாக இல்லை என்று கண்டு அங்கேயே நின்று பார்த்தாள்.

ஹரோல்டின் கை மெல்ல எழும்பிக் கழுத்துப் பொத்தானுக்குப் போனது. பியாட்றிஸின் கை தன்பாட்டில் அதைத் தடுக்கப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றது. ஆரணி கட்டிலடியில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தாள். அவசரப்படுத்தவில்லை. முதல் பொத்தான் கழன்றது. இரண்டாவது இறுக்கமாக இருந்தது. அவர் விரல் வழுக்கியது. அந்தரத்தில் நின்ற பியாட்றிஸின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கி வந்து, பொத்தானை ஓட்டைக்குள்ளால் தள்ளிவிட்டது.